டெக்சாஸ்ல இருக்கற தமிழ் அப்பா அம்மாக்களுக்கு: ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்கு வாங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின்னு எங்க இருந்தாலும் சரி, எலிமெண்டரி ஸ்கூல்ல பிள்ளைங்க படிக்கற எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். ரீடிங் பாடத்துல பைபிள் கதைங்க வர்ற டெக்சாஸோட புளூபானட் பாடத்திட்டம் வேண்டாம்னு பேச்செடுத்தாலே நிறைய பேர் "நாமளும் கான்வென்ட்ல படிச்சவங்கதானே, என்ன கெட்டுப் போச்சு"ன்னு கேக்கறீங்க.

நானும் கான்வென்ட்தான். அசெம்பிளில ஜெபம் சொல்லிருக்கேன், அந்த சிஸ்டருங்க மேல இன்னிக்கும் மரியாதை உண்டு. ஆனா அங்க கிறிஸ்டியன் பிள்ளைங்க கேட்டக்கிசம்ங்கற மறைக்கல்வி கிளாஸுக்குப் போவாங்க, மத்தவங்களுக்கு மாரல் சயின்ஸ். மிஷன் ஸ்கூல்னு தெரிஞ்சுதான் வீட்ல சேத்தாங்க. முழுக்க கவர்ன்மெண்ட் பணத்துல நடக்கற ஸ்கூல்ல மதபோதனை கூடாதுன்னு நம்மூர் அரசியல் சட்டத்துல 28வது பிரிவே இருக்கு. இங்க நம்ம பிள்ளைங்க போறது பப்ளிக் ஸ்கூலுங்க, நாம கட்டுற ப்ராபர்ட்டி டாக்ஸ்ல நடக்கறது.

புளூபானட்ட டெக்சாஸ் ஸ்டேட் கல்வி போர்டு 2024 நவம்பர்ல 8க்கு 7 ஓட்டுல பாஸ் பண்ணுச்சு. ரிலிஜன்னு தனி கிளாஸ் எதுவும் கிடையாது, கிண்டர்கார்டன்ல இருந்து அஞ்சாவது வரைக்கும் ரீடிங் பாடத்துக்குள்ளயே வருது. கிண்டர்கார்டன்ல அடுத்தவங்ககிட்ட நல்லபடியா நடந்துக்கணும்னு சொல்லிக் குடுக்கற பாடத்துல இயேசுவோட மலைப்பிரசங்கம், ரெண்டாவதுல பைபிள்ல வர்ற எஸ்தர் ராணி கதை. பைபிள் கதையே தெரியக்கூடாதுன்னு நான் சொல்லல, தெரிஞ்சுக்கட்டும், ஆனா அஞ்சு வயசுப் பிள்ளைக்கு டீச்சர் சொல்றது எல்லாமே உண்மைதான், இது கதை இது நம்பிக்கை இது சரித்திரம்னு பிரிச்சுப் பாக்கற வயசா அது? நம்ம நம்பிக்கைக்கு ஒத்து வரலன்னா எழுதிக் குடுத்துட்டு பிள்ளைய அந்தப் பாடத்துல இருந்து வெளிய எடுக்க சட்டத்துல இடம் இருக்கு, ஆனா எழுதப் படிக்க கத்துக்கற நேரத்துல நம்ம பிள்ளை மட்டும் தனியா போய் உக்காரணும்.

அடுத்தது பைபிள்ல வர்ற பத்துக் கட்டளை போஸ்டர். 2025ல வந்த எஸ்பி 10ங்கற டெக்சாஸ் சட்டப்படி யாராவது டொனேட் பண்ணினா ஒவ்வொரு கிளாஸ்ரூம்லயும் மாட்டணும், 16க்கு 20 இஞ்சுக்குக் குறையக் கூடாது. அதுல ஒரு வரி, விக்கிரகம் செய்யாதேன்னு. காலைல பிள்ளையாரைக் கும்பிட்டு விபூதி வெச்சுட்டுப் போற பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படிச்சா தன் வீட்டப் பத்தி என்ன நினைக்கும்? வீட்ல வேளாங்கண்ணி மாதா சொரூபம் வெச்சிருக்கற நம்ம கத்தோலிக்க நண்பர்களும் யோசிங்க, நீங்க சொல்ற பத்துக் கட்டளையில அது தனிக் கட்டளையா வராதே. இதே மாதிரி கென்டக்கி சட்டத்தை 1980லயே சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிருக்கு. எஸ்பி 10க்கும் 2025 ஆகஸ்ட்ல சான் அன்டோனியோ ஃபெடரல் ஜட்ஜ் ஒருத்தர் சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குத் தடை போட்டாரு. ஆனா கோர்ட்டு பாத்துக்கும்னு நாம சும்மா இருக்க முடியாது.

ஏன்னா புளூபானட் விஷயம் நம்ம ஊர் போர்டு கைல இருக்கு, அதை எடுத்துக்கணும்னு எந்த டிஸ்ட்ரிக்டுக்கும் கட்டாயம் இல்ல. எடுத்தா ஒரு பிள்ளைக்கு 60 டாலர் வரைக்கும் ஸ்டேட்ல இருந்து கிடைக்கும், பட்ஜெட் இடிக்கற டிஸ்ட்ரிக்டுக்கு அது பெரிய காசு, அதனால அந்தப் பக்கம் சாயத்தான் செய்வாங்க. முடிவு பண்றது உங்க லோக்கல் ட்ரஸ்டிங்க, அதாவது ஸ்கூல் போர்டு மெம்பருங்க, அவங்க எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட வர்றவங்களே ரொம்ப கம்மி. சிட்டிசன் ஆனவங்க தயவு செஞ்சு அதுல ஓட்டுப் போடுங்க. ஹெச்1பி வேலை விசால இருக்கோமே, நாம எப்படிப் பேசறதுன்னு பயப்படாதீங்க, அஜெண்டால இருக்கற விஷயத்தப் பத்தி பொதுமக்கள் பேச போர்டு இடம் குடுத்தே ஆகணும், அதுக்கு சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. முதல்ல உங்க ட்ரஸ்டிக்கு ஒரு ஈமெயில் போட்டு, நம்ம டிஸ்ட்ரிக்ட்ல புளூபானட் இருக்கா, எந்த கிரேடுக்குன்னு கேளுங்க. எங்க டிஸ்ட்ரிக்ட்ல அடுத்த மீட்டிங்ல பேச நான் பேர் குடுத்திருக்கேன், நீங்க பேசக்கூட வேண்டாம், பின்னாடி சீட்ல வந்து உக்காந்தாலே போர்டு கண்ணுக்கு நாமளும் தெரிவோம்.