நடுவில் உட்காரும் பிள்ளைகள்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரும்வரை அதே நினைப்புதான். உன் ஓவிய வகுப்பில் ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வரை பதினான்கு பிள்ளைகள், ஒரே அறை, ஒன்றரை மணி நேரம். "சின்னவர்களைத் தனியாக, பெரியவர்களைத் தனியாகப் பிரித்துவிடட்டுமா அம்மா?" என்றாய். பிரிக்காதே.

ஒரு குடையை விரித்துத் தரையில் சாய்த்து வை. உள்பக்கம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும். எல்லோருக்கும் அந்த ஒரு குடைதான். ஐந்து வயதுக்காரி பாதி வட்டம் போட்டு, கீழே ஒரு கொக்கி மாட்டிவிட்டு, முடிந்தது என்று எழுந்துவிடுவாள். முன்னால் இருக்கும் குடையை அவள் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். ஏழு வயதுக்காரன் எட்டுக் கம்பிகளையும் எண்ணிப் போடுவான், கண்ணுக்கு மறைந்திருப்பதையும் சேர்த்து. குழந்தை பார்ப்பதை வரைவதைவிடத் தனக்குத் தெரிந்ததைத்தான் வரைகிறது என்று லூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1927-இலேயே எழுதினார். பூனை வயிற்றுக்குள் குட்டிகள், வீட்டுச் சுவரைத் தாண்டித் தெரியும் கட்டில் என்று நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அதையெல்லாம் திருத்தப் போகாதே. பதின்மூன்று வயதுப் பெண்ணோ, தூரத்துக் கம்பி ஏன் குட்டையாகத் தெரிகிறது என்று அவளாகவே கேட்பாள். அவளுக்கு மென்மையாக, கருமையாக எழுதும் ஒரு 4பி பென்சிலும் அரை மணி நேரமும் கொடுத்தால் போதும்.

எனக்குக் கவலை ஒன்பது, பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி ஆசிரியர் 1947-இல் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார். அதில் ஒன்பது வயதையொட்டித்தான் பிள்ளைகள் தங்கள் படத்தை நிஜத்தோடு ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். கண் வளர்ந்துவிடுகிறது, கை இன்னும் வரவில்லை. ஒரு பக்கம் சின்னது எதைப் பற்றியும் கவலைப்படாமல் வரைந்து தள்ளுகிறது, இன்னொரு பக்கம் பெரியவள் அச்சு அசலாகப் போடுகிறாள். இரண்டையும் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பவன் ரப்பரால் தாள் கிழியும்வரை அழிப்பான்.

நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு தப்புப் பண்ணினேன். ஆறு வயதுப் பையன் ஒருவனின் படத்தைத் தூக்கிக் காட்டி, "கோட்டில் எவ்வளவு தைரியம் பாருங்கள்" என்றேன். பெரிய பெண்ணின் படத்தைக் காட்டி, "எவ்வளவு பொறுமை பாருங்கள்" என்றேன். இரண்டும் உண்மை, மனதாரச் சொன்னதுதான். பத்து வயதுப் பையன் ஒருவன் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் யார் படத்தையும் நான் தூக்கிக் காட்டியதே இல்லை.

முதல் பத்து நிமிடம் எல்லோரையும் தாளைப் பார்க்காமல் வரையச் சொல். கண் குடையின் விளிம்பில் எறும்பு மாதிரி ஊரட்டும், பென்சில் அதே வேகத்தில் தாளில் நகரட்டும். நடுவில் எடுக்கக்கூடாது, குனிந்து பார்க்கக்கூடாது. கிமோன் நிக்கொலாய்டிஸ் என்ற ஓவிய ஆசிரியர் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போவதாக நினைத்து வரையச் சொன்னார். அதை ஒட்டி வந்த பயிற்சிதான் இது. எல்லோருடைய படமும் கோணல்மாணலாகத்தான் வரும், பெரியவளுடையது உட்பட. பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே பெரியவளும் அதே அறையில் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் ரப்பர்கள் உன் மேசையிலேயே இருக்கட்டும்.

அடுத்ததாக, குடையை விட்டுவிட்டுக் கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் இருக்கும் துணியின் வடிவத்தை மட்டும் வரையச் சொல். குடைக்கும் தரைக்கும் இடையில் ஒரு முக்கோண இடைவெளி தெரியுமே, அதையும். 'குடை எப்படி இருக்கும்' என்று தலைக்குள் இருக்கிற படம் அப்போது குறுக்கே வராது. வரைந்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால் குடை தானாக வந்திருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாரு.

இன்னொரு நாள் சின்னவர்களையே மாடலாக உட்கார வை. கொஞ்ச நேரம்தான் உட்காருவார்கள், அது போதும். ஒன்பது, பத்து வயதுக்காரர்கள் எல்லோரும் கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். பென்சிலை நீட்டி அளக்கச் சொன்னால், கண்கள் தலையின் பாதியில் இருப்பது தெரியும். அப்புறம் தலையை அளவுகோலாக வைத்து உயரத்தை அளக்கட்டும். ஐந்து வயதுக் குழந்தை ஏறக்குறைய ஐந்தரை, ஆறு தலை உயரம்தான் இருக்கும். உன்னை நிற்க வைத்து அளந்தால் ஏழு, ஏழரை வரும். பிரித்து உட்கார வைத்தால் இதை எந்தப் பிள்ளையைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பாய்?

சின்னவர்களுக்குப் பெரிய தாளும் தடித்த கிரேயானும் கொடுத்துத் தரையில் உட்கார வை. அவர்களுக்குக் கை தோளிலிருந்து அசையும், விரல் இன்னும் தயாராகவில்லை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் இன்னொரு தாள் கொடு. "இது என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதே. "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேள்.

கடைசியாக ஒன்று, இதில் நான் பிடிவாதக்காரி. ஒரு பிள்ளையின் தாளில் வேறு யார் கையும் படக்கூடாது, உன் கையும்தான். பெரியவர்கள் பாசத்தில் சின்னவர்களுக்கு வரைந்து கொடுக்க வருவார்கள், தடுத்துவிடு. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டு. அவன் பார்த்த பிறகு அதைக் கசக்கிப் போட்டுவிடு. உன் கோட்டை அவன் நகல் எடுத்துக்கொண்டு உட்காரக்கூடாது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கூப்பிடு. சின்னவர்கள் என்ன செய்தார்கள், பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அப்புறம் சொல்லலாம். அந்த நடு வயதுப் பிள்ளைகள் எத்தனை தாள் வரைந்தார்கள், யாராவது தாளை மடித்து வைத்துக்கொண்டார்களா என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அம்மா