மரபணுச் சோதனை இருக்கட்டும், திடலுக்கு விளக்குப் போடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

திருவிழா மருத்துவ முகாமில் இவ்வாண்டு உமிழ்நீர் எடுத்து, மரபணுவைப் பார்த்து, யாருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வரும் என்று சொல்லப்போகிறீர்களாம். அதற்கு நன்கொடையும் திரட்டுகிறீர்கள். மறுபடி யோசியுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் பாட்டியும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். இனிப்பு நீரால் பாட்டிக்குக் கண் போனது, அம்மாவுக்கு இடக்கால் போனது. "நம்ம ரத்தத்திலேயே ஓடுவது, என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா கடைசிவரை தேநீரில் கெட்டிப்பாலை ஊற்றினார். எந்தச் சோதனையும் இல்லாமலே எங்களுக்குப் பரம்பரை தெரிந்திருந்தது. தெரிந்ததால் ஒரு கரண்டிச் சீனிகூடக் குறையவில்லை. இனி அதையே அச்சடித்த தாளில் கொடுத்தால், கையை விரிக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

2016இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 18 ஆய்வுகளை அலசியது. மரபணு அபாயத்தைச் சொல்வதால் மட்டும் மக்கள் உணவையோ உடற்பயிற்சியையோ பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை என்பதே அதன் முடிவு.

ஆனால் மரபணு தலைவிதியும் அல்ல. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு முயன்றவர்களுக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் அபாய வடிவத்தைச் சுமந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் பலன் தந்தது. அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லையே என்று இன்றும் மனம் வலிக்கிறது.

இனி வரப்போவதைச் சொல்லும் முன், ஏற்கெனவே வந்திருப்பதைக் கண்டுபிடியுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியாது. நம் இந்தியர்களிடையே நீரிழிவு உள்ளவர்கள் 31.4 விழுக்காடு. விரல்நுனி ரத்தச் சோதனை செய்யுங்கள். குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள தகுதியுள்ளவர்களை, குறைந்த வருமானத்தினருக்கான அரசுத் திட்டமான பெக்கா பி40 இலவசப் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள்.

அன்னதானப் பந்தியில் சிராப் தண்ணீருக்குப் பதில் மோரோ வெறும் தண்ணீரோ வைக்கலாம். கோயிலுக்குப் பின்னால் உள்ள திடலுக்கு விளக்குப் போடுங்கள். வேலை முடிந்து சமைத்துவிட்டு வரும் பெண்களுக்கு இருட்டிய பிறகுதான் நடக்க நேரம் கிடைக்கிறது.

அடுத்த கூட்டத்திற்கு நானும் வருகிறேன். விளக்குக் கம்பத்துக்கு என் பங்காக 200 வெள்ளியைக் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஒரு மகள்