கதிருக்கு ஒரு கார்

குமுளி,
29.10.2025

அன்புள்ள செல்லப்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருக்கிற நேரத்தில் மழை விட்டபாடில்லை. கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வருகிற பெண்கள் போன வாரம் மூன்று நாள் வரவில்லை. காய் செடியிலேயே பழுத்து வெடிக்கிறது. இன்றைக்கும் வெளியே தலைகாட்ட முடியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எதிரே வருகிற லாரியின் வெளிச்சம் பூப்பூவாகத் தெரிகிறது என்று நீ முன்பு எழுதியபோதே, இவன் ஸ்டியரிங்கை வேறு கையில் கொடுத்தால் தேவலை என்று நினைத்தேன். உன் பையன் கதிர் லைசென்ஸ் வாங்கிவிட்டான், தென்மலை ரப்பர் தோட்டத்துக்கு இனி அவன்தான் ஓட்டப் போகிறான் என்கிறாய். நல்லது. ஆனால் அதற்கு அடுத்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "பழகுகிற பையனுக்கு எதற்கு நல்ல வண்டி, ஒன்றரை லட்சத்தில் ஏதாவது தகர டப்பா போதும், இடித்தாலும் நஷ்டமில்லை" என்று எழுதியிருக்கிறாயே, யாருக்கு நஷ்டமில்லை? தகரத்துக்கா, உள்ளே இருக்கிறவனுக்கா?

கோபித்துக்கொள்ளாதே. நானும் அப்படித்தான் நினைத்தவன். என் மகள் மலருக்குப் பதினெட்டு முடிந்தபோது பழைய ஆம்னி வேனை அவளுக்கு ஒதுக்கி, டியாகோ காரை எனக்கு வைத்துக்கொள்வதாக இருந்தேன். ஆம்னியில் ஓட்டுகிறவன் முழங்காலுக்கும் எதிரே வருகிற லாரிக்கும் நடுவே ஒரு தகடுதான் இருக்கிறது. முப்பது வருஷமாக ஓட்டுகிற நான் இரும்புக் கூட்டுக்குள், நேற்று லைசென்ஸ் வாங்கியவள் தகடுக்குப் பின்னால். இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று வீட்டில் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளே சாவியை மாற்றிக்கொண்டோம். இப்போது ஆம்னியில் ஏலக்காய் மூட்டையும் நானும் போகிறோம்.

நீ போகிற வழி எனக்குத் தெரியாதா? புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டவாசல் தாண்டி, ஆரியங்காவு, கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தை ஒட்டித் தென்மலை. ராத்திரி பகலாகச் சரக்கு லாரி. அந்தப் பாதையில் புதுக்கை ஒன்று எங்காவது ஒரு நாள் தப்புப் பண்ணத்தான் செய்யும். அன்றைக்கு வண்டி என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் ஊர்ச் சிறிய கார்கள் ஐந்தை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாம் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வரை தருவார்கள், இந்த ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம். அதே போலோவில் முன்னால் இரண்டு ஏர்பேக் வைத்து மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆல்ட்டோவுக்கும் நானோவுக்கும் ஏர்பேக் வைத்தால்கூடப் பெரிதாகப் பயன் இருக்காது என்றார்கள், ஏனென்றால் கூடே நசுங்கிப்போகிறது. ஆகவே கூடும் வேண்டும், பையும் வேண்டும்.

அரசாங்கமும் மெதுவாகத்தான் விழித்தது. 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். பிரேக், அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநருக்கு ஏர்பேக், 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக். அதனால் பழைய வண்டி பார்க்கிறாய் என்றால் 2019 ஜூலைக்கு முன்னால் செய்ததைத் தொடாதே. 2022 அல்லது அதற்குப் பிந்தியது கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவன் நீ.

நட்சத்திரத்தைப் பெயரை வைத்து நம்பாதே, ஆண்டையும் சேர்த்துப் பார். 2024இல் வந்த புது டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது என்பதற்காகப் பத்து வயது டிசையரை அதே மதிப்பில் விற்க வருவார்கள். பெயர்தான் ஒன்று, வண்டி வேறு. டியாகோவுக்கு 2020இல் நான்கு, ஆல்ட்ரோஸுக்கு அதே ஆண்டு ஐந்து, பஞ்ச் காருக்கு 2021இல் ஐந்து. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற வேகன் ஆர் 2023இல் ஒன்றே ஒன்று வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்று ஒரு சோதனை வந்திருக்கிறது, அதையும் பார்த்துக்கொள். இன்னொன்று, இ.எஸ்.சி. என்று எழுதியிருக்கிற வண்டி உன் பணத்துக்குள் அகப்பட்டால் விடாதே. ஈர ரோட்டு வளைவில் வண்டி வழுக்க ஆரம்பித்தால், எந்தச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்தால் நேராகுமோ அந்த ஒன்றுக்கு மட்டும் அதுவே கொடுக்கும். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து இது இல்லாமல் காரே விற்க முடியாது.

புதிதாகவே வாங்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் நீ வைத்திருக்கிற ஐந்து லட்சத்தை ஒட்டி அடிமட்ட மாடல் ஒன்றிரண்டு வரும். ஆனால் அதன் மேல் வரியும் இன்சூரன்ஸும் இருக்கின்றன. என் கணக்கில், அந்தப் பணத்துக்கு ஒரே கை (ஒரே சொந்தக்காரர்) ஓட்டிய, மூன்று நான்கு வயதுள்ள பெரிய வண்டியே மேல். உன் பழைய வண்டியின் நோ க்ளெய்ம் போனஸை, அதாவது இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கிற தள்ளுபடியை, மறந்துவிடாதே. அது வண்டியோடு போவதில்லை, உன்னோடு வருவது. புது இன்சூரன்ஸில் கேட்டு வாங்கிக்கொள்.

பழைய வண்டி என்றதும் என் கதை ஞாபகத்துக்கு வருகிறது. உனக்கு முழுதாகச் சொன்னதில்லை, வெட்கம். 2019இல் மலைக்குக் கீழே ஒரு வியாபாரியிடம் ஒரு கார் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, உள்ளே ஊதுபத்தி வாசனை. இரண்டே மாதத்தில் ஜன்னல் இறங்காது, ஹாரன் தானாக அடிக்கும், ஒரு நாள் வைப்பர் நிற்கவே இல்லை. வண்டிப்பெரியாற்று மெக்கானிக் பையன் எதையும் கழற்றவில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்து, இனி வராது என்கிற வரைக்கும் இழுத்தான். கடைசி ஒரு முழம் மட்டும் வேறு நிறம். நகத்தால் சுரண்டினான், காய்ந்த வண்டல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கழுத்து வரை மூழ்கிக் கிடந்த வண்டி அது. மெத்தையை மாற்றலாம், தரைவிரிப்பை மாற்றலாம், சுருண்டு உள்ளே இருக்கிற பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. எழுபதாயிரம் நஷ்டத்தில் தள்ளிவிட்டேன்.

அதனால் நீ எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் பெல்ட்டை முழுக்க இழு. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, சீட் நகருகிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பார். பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பு. ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன், அதாவது டயரின் மேல்வரிப் பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருஷ டயரில் பையனை மலையிறக்காதே. வண்டி விலையிலேயே நான்கு டயரைக் கழித்துப் பேசு.

கேரள வண்டி மலிவு என்று உன் புரோக்கர் ஆசை காட்டுகிறார் அல்லவா? கே.எல். எண்ணோடு வாங்கினால் இங்கே தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்.

கதிர் பதினாறு வயதிலேயே தோட்டத்துப் பாதையில் ஓட்டினான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ரோட்டில் அகப்பட்டிருந்தால் தெரிந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்பனுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. போகட்டும், தப்பித்தாய்.

வண்டியைவிட முதல் வருஷம் முக்கியம். என் மைத்துனன் பையன் அமெரிக்காவில் பதினாறு வயதில் லைசென்ஸ் வாங்கினான். ஆனால் முதலில் ராத்திரி ஓட்டக்கூடாது, சகவயதுக் கூட்டாளிகளை ஏற்றக்கூடாது என்று படிப்படியாகத்தான் விடுகிறார்கள். கூட்டாளிகள் ஏறினால் விபத்து கூடுகிறது என்று கண்டுபிடித்து வைத்த சட்டம். நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை, வீட்டில் போட்டேன். மலர் ஒரு வாரம் பேசவில்லை. உன்னிடம் கதிர் பைக் கேட்டு அடம் பிடிக்கிறான் என்றாயே, அதற்குக் கார் எவ்வளவோ மேல். கூட்டாளி விஷயத்தில் மட்டும் இளகாதே.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் விடச் சொல்லிக்கொடு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். லோயர் கேம்ப் இறக்கத்தில் அந்தக் கருகல் நாற்றம் அடிக்காத நாளே இல்லை. ஏறி வருகிறவனுக்கு வழி விடவேண்டும் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. பெல்ட் போடாதவனுக்கு ஏர்பேக் உதவி அல்ல, குத்து. பீப் சத்தத்தை நிறுத்த ஒரு கொக்கி விற்கிறார்கள், அதை வாங்கி மாட்டிவிடாதே. சேலை கசங்குகிறது என்று தங்கச்சி சொன்னால், கசங்கட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

தேனியில் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2022 பஞ்ச், டி.என். 60, ஒரே கை. ஞாயிற்றுக்கிழமை நீயும் கதிரும் காலை பஸ்ஸில் வந்துவிடுங்கள். டார்ச்சும் ஒரு பழைய வேட்டியும் கொண்டுவா, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மலர் எங்களை மலையிறக்கிக் கூட்டிவந்து பஸ் நிலையத்தில் உங்களை ஏற்றிக்கொள்வாள். பின் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் அவள் வண்டியை எடுக்கமாட்டாள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ராமர்

பி.கு. சொட்டு மருந்தை விடாமல் போடு. பெல்ட்டின் கடைசி முழத்தை உன் புதுக் கண்ணால்தான் பார்க்கவேண்டும், என்னுடையது இப்போது அவ்வளவு சுகமில்லை.