ஒன்றரை டீஸ்பூன் தூள், மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர்

கண்ணு,

அடுத்த மாதம் ஆதிக்கு ஐந்து வயது முடிகிறது. கேக் விஷயமாகத்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போட்டால் நீல டிக் வருகிறது, அதோடு சரி, அதனால்தான் இப்படி நீளமாக எழுதுகிறேன். ஆபீஸ் முடிந்து ஆதி தூங்கினதும் நிதானமாகப் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பங்குனியிலேயே வெயில் இப்படி என்றால் அக்னி நட்சத்திரத்துக்கு என்ன ஆகுமோ தெரியவில்லை. குடியாத்தத்து ஆயாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சித்தி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை நீ அம்மாவிடமே கேட்டுக்கொள்.

ஆதிக்குத்தான் முட்டை ஒத்துக்கொள்ளாதே, அதனால் முட்டைக்குப் பதிலாகப் போட வீட்டிலேயே ஒரு தூள் செய்திருக்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் வந்துவிட்டுப் போனதிலிருந்து இதுவரை 17 கேக் போட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா எண்ணிக்கொண்டு வருகிறாள். முதல் ஆறும் மாட்டுக்குத்தான் போயின.

34 வருஷம் முட்டை உடைத்த கை இது. டிசம்பர் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து அட்டை, 300 முட்டை, நாமக்கல் லோடு வந்து இறங்கினால் விடியும்முன் காலியாகிவிடும். முட்டை இல்லாமல் கேக் கேட்டு வருகிறவர்களிடம், அதெல்லாம் கேக்கே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடையை மூடுகிறவரைக்கும் அப்படித்தான் சொன்னேன். முட்டை கேக்குக்குள்ளே என்ன செய்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை, இப்போதுதான் யோசித்தேன். ஓடு நீக்கினால் ஒரு முட்டை சுமார் 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர். மீதி இருக்கிற கால் பங்குதான் எல்லாம் செய்கிறது. அடித்தால் காற்றைப் பிடித்து வைக்கிறது. அறுபது டிகிரி தாண்டினதும் வெள்ளை இறுக ஆரம்பித்து, அந்தக் காற்று ஓடிவிடாமல் சுவர் கட்டுகிறது. மஞ்சள் கரு எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கிறது. மேலே வருகிற அந்த நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு. இத்தனையையும் ஒரே பொருள் ஈடுகட்டாது என்பது எனக்குப் பதினொன்றாவது கேக்கில்தான் விளங்கியது.

முதலில் ஆளி விதை. லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்தேன். ஒரு டேபிள்ஸ்பூன் பொடிக்கு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் வைத்தால், கரண்டியில் எடுக்கும்போது முட்டை வெள்ளை மாதிரியே வழவழவென்று இழுபடுகிறது, பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வெள்ளைக் கேக்கில் போட்டால் உள்ளே பழுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, எழும்பவும் மாட்டேன் என்கிறது. வாழைப்பழக் கேக், சாக்லேட் கேக், பிஸ்கட் இதற்கெல்லாம் அது நல்ல சாமான், ஆதியின் டிபன் டப்பாவுக்குச் செய்கிறபோது அதையே போடு.

அப்புறம் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். 2014-ல் பிரான்சில் ஜோயல் ரோசல் என்பவர் இது முட்டை வெள்ளை மாதிரியே நுரைக்கும் என்று கண்டு சொன்னாராம், அடுத்த வருஷம் அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர் அதற்கு அக்வாஃபாபா என்று பேர் வைத்தாராம். உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் தனியாகக் கொழகொழவென்று ஆகிறவரை சுண்டவிட்டு, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரில் பத்து நிமிஷம் அடித்தேன். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், விழவில்லை! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு இதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது என்றே புரியவில்லை, உனக்குப் புரியும். ரெண்டு டேபிள்ஸ்பூன் ஒரு வெள்ளைக் கருவுக்குச் சமம். நவராத்திரியில் ஆதி சுண்டல் நன்றாகச் சாப்பிட்டான், இருந்தாலும் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய். கேட்காமல் செய்யாதே.

தூள் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிழிந்து, அந்தத் தண்ணீரைத் தொடாமல் ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறது. மேல் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு ரெண்டு தரம் கழுவி, வடகம் போடுகிற வேட்டியை மாடியில் விரித்து அதில் காயவைத்தேன். ரெண்டு கிலோ கிழங்குக்கு ஒரு டம்ளர்கூட வரவில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் பாளம் பாளமாகக் காய்ந்துவிட்டது. விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கிறுக்கிறுக்கென்று சத்தம் வரவேண்டும், வந்தால் சுத்தமான மாவு. அது ஒரு கப், சேலத்து ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்து மூன்று தரம் சலித்தது முக்கால் கப், பேக்கிங் பவுடர் ரெண்டு டீஸ்பூன், இவ்வளவுதான். மூன்றையும் சேர்த்துத் திரும்பச் சலித்துக் காய்ந்த டப்பாவில் போட்டு வை. ஒரு முட்டைக்கு இதில் ஒன்றரை டீஸ்பூன், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன். கட்டியில்லாமல் கலக்கி உடனே மாவில் சேர்த்துவிடு, வைத்திருந்தால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு முட்டை, ரெண்டு முட்டை போடுகிற கேக்குக்குத்தான் இது தாங்கும். மூன்றுக்கு மேல் என்றால் முயற்சியே பண்ணாதே, நடுவில் குழி விழும்.

பன்மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவோமே, அதற்குப் பதில் பாலில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துத் தடவினால் போதும், நிறம் வந்துவிடுகிறது.

வெளியில் எதை வாங்கினாலும் அட்டையைப் படி. பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை சேர்க்கவில்லை என்று அர்த்தம், ஆனால் அதே மெஷினில் முட்டை பிஸ்கட்டும் ஓடியிருக்கலாம், அதைச் சின்ன எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள், அந்தச் சின்ன எழுத்தையும் படி. மயோனைஸ் வேண்டாம். அல்புமின் என்று போட்டிருந்தாலும் அது முட்டைதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து எப்பவும் பையில் இருக்கிறதா? ஸ்கூல் பையில் ஒன்று, உன் பையில் ஒன்று. ஸ்கூலில் மிஸ்ஸிடம் எழுத்தில் கொடுத்துவிட்டாயா? வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். உனக்குத் தெரியாததையா நான் சொல்கிறேன், அத்தனை பேருக்கு மேலாளராக இருக்கிறாய், நம்ம தெருவிலேயே முதன்முதலில் தனியாக பிருந்தாவன் ஏறி வேலைக்குப் போன பெண் நீ, இன்றைக்கும் காட்பாடியில் அந்த ரயில் வந்து நின்றால் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனாலும் சொல்கிறேன், அட்டையைப் படி.

ஒன்று மட்டும் எனக்கு வலித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது பெங்களூரிலிருந்தே ஒரு பை நிறைய பிஸ்கட்டும் பிரெட்டும் கட்டிக்கொண்டு வந்தாய். பேக்கரிக்காரன் வீட்டுக்கு பாக்கெட் பிஸ்கட். எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறையில் மேல் தட்டில் அடுக்கினாய், எனக்கு எட்டாத உயரத்தில். அப்பா எதிலும் எதையாவது கலந்துவிடுவார் என்று நினைக்கிறாளா என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

நீ நினைத்தது சரிதான்.

கண்ணு, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நீ என்னிடம் ஒரே கேள்வி கேட்டாய். “தெரியாம குடுத்துட்டீங்களாப்பா?” நான் ஆமாம் என்றேன். முட்டை போடாத கேக் என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றேன். அது பொய். விடியற்காலையில் நீங்கள் எழுந்திருக்கும்முன் நானே ஆறு முட்டை உடைத்துப் போட்ட கேக் அது. பேரனுக்காகவே போட்டேன். என் பேரன் நான் செய்த கேக்கைச் சாப்பிடாமல் வளர்வதா என்று ஒரு வீம்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்று ஒரு எண்ணம். முக்கால் மணி நேரம் ஓவனில் வெந்த முட்டையில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று என் தொழில்மேல் ஒரு திமிர். நீ குளிக்கப் போனதும் கட்டைவிரல் அளவு பிய்த்து அவன் வாயில் வைத்தேன். “நல்லா இருக்கு தாத்தா, இன்னும்” என்றான். இன்னொரு துண்டும் கொடுத்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதட்டைச் சுற்றித் தடித்தது, கண் இமை வீங்கியது, அப்புறம் அந்த இருமல். ஆட்டோவில் நீ அவனை மடியில் போட்டுக்கொண்டு என்ன சாப்பிட்டான், என்ன சாப்பிட்டான் என்று கேட்டுக்கொண்டே வந்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. அங்கே போய் டாக்டர் கேட்டபோதும் இட்லி, பால் என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோதுதான் கேக் என்றேன். உடனே தொடையில் ஊசி போட்டார்கள். சத்துவாச்சாரியிலிருந்து அங்கே போகிற நேரம், அப்புறம் நான் மென்று விழுங்கின நேரம், இதை எத்தனை தரம் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பேன் தெரியுமா. ஒரு தடவைகூட அந்தக் கணக்கு சிறிதாக வரவில்லை.

அன்று ராத்திரி குப்பைக்கூடையை நீதான் வெளியே கொண்டுபோய்க் கொட்டினாய். மேலேயே ஆறு ஓடும் கிடந்தன. நீ ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை ரயிலுக்கே கிளம்பிவிட்டீர்கள், மாப்பிள்ளைக்கு அவசர வேலை என்றாய். அன்றிலிருந்து அம்மாவிடம் பேசுகிறாய், அப்பா சாப்பிட்டாரா என்றுகூட நீ கேட்பதில்லை. உன்மேல் தப்பில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதம் போனதும் அவளிடமும் சொல்லிவிடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். முட்டை வெள்ளையில் ஓவோமியூகாய்ட் என்று ஒரு புரதம் இருக்கிறதாம், அது சூட்டுக்கு லேசில் அசையாதாம். நான் 34 வருஷம் நம்பின ஓவன் அதை ஒன்றும் செய்திருக்காது. சில குழந்தைகளுக்கு வெந்த முட்டை ஒத்துக்கொள்ளும், பல பேருக்கு வளர வளர இது போய்விடும் என்றும் சொன்னார், ஆனால் அதைப் பார்க்கிறதெல்லாம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எதிரில் வைத்துத்தான், வீட்டில் இல்லவே இல்லை என்றார். நீ போன வருஷமே இதைத்தான் என்னிடம் சொன்னாய். நான் டிவி பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

சரி, கேக்குக்கு வருகிறேன். பழைய டின், ட்ரே, பீட்டர், பிரஷ் எதையும் இதற்கு நான் தொடவில்லை. எல்லாம் புதிதாக வாங்கித் தனியாக வைத்திருக்கிறேன், வீட்டில் முட்டை வாங்குவதையும் பொங்கலோடு நிறுத்தியாகிவிட்டது. ஏழு அங்குல டின்னுக்கு மைதா ஒன்றரை கப், கெட்டித் தயிர் ஒரு கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், வாசம் இல்லாத எண்ணெய் அரை கப். சர்க்கரையும் தயிரும் கரைந்ததும் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சோடாவும் போட்டு ஐந்து நிமிஷம் விடு, பொங்கி வரும். அப்புறம் எண்ணெய், வெனிலா, கரைத்த தூள், கடைசியில் மைதா. மைதா போட்டபிறகு அதிகம் கிளறாதே, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஓவன் 180 டிகிரியில் முன்னாடியே சூடாக இருக்கவேண்டும், சோடா காத்திருக்காது. 35 நிமிஷம் கழித்துக் குச்சி குத்திப் பார். பதினேழாவது கேக் இந்தக் கணக்கில்தான் வந்தது, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்புகிறது.

கேக்கை நான் செய்து அனுப்பமாட்டேன். தூளை மட்டும் டப்பாவில் போட்டு மூடியில் டேப் ஒட்டி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி அனுப்புகிறேன். அதுவும் வேண்டாம் என்று பட்டால் கொட்டிவிடு, உருளைக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு ரெண்டும் அங்கே கடையில் கிடைக்கும், நீயே கலந்துகொள், அளவுதான் முக்கியம். உன் கையால் நீயே செய்.

மேலே போடுகிற கிரீமுக்கு ஆதிக்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்டு அம்மாவிடமாவது சொல். கலரில் முட்டை கிடையாது, இருந்தாலும் அந்தப் பாட்டிலையும் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.

அப்பா