மூன்று நாள் தாமதத்துக்கு நாற்பத்தேழாயிரம் ரூபாய்: வருமான வரி விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். தணிக்கையாளர் அல்லன், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ள ஓய்வூதியர்கள், ஓய்வூதியத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் சான்றான படிவம் 16-ஐயும் வங்கி வட்டிச் சான்றுகளையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். காசு வாங்காமல் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அப்படி வந்தவர்களில் ஒருவர், கெடு கடந்த மூன்று நாட்களுக்காகக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டி எழுதிய இரண்டாவது விண்ணப்பமும் சென்ற வாரம் ஒற்றை வரிப் பதிலோடு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பதிலைப் படித்த பிறகு எழுதும் மடல் இது.

கேட்பது ஒன்றுதான். பொதுவாக ஜூலை 31 ஆக இருக்கும் கெடு தேதிக்குப் பிறகு, டிசம்பர் 31க்குள் கணக்குத் தாக்கல் செய்யும் தனிநபர், தாமதக் கட்டணத்தைச் செலுத்திய பின்னரேனும், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க அனுமதி தர வேண்டும்.

பின்னணியைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கழிவுகள், அதாவது வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைகள், அனேகமாக இல்லாத, விகிதம் குறைந்த புதிய முறை 2020ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வந்தபோது, விரும்பியவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்காதவர் பழைய முறையிலேயே இருக்கலாம் என்றிருந்தது. 2023இல் அது தலைகீழானது. 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2023–24 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, எதுவும் சொல்லாதவருக்குப் புதிய முறை. பழைய முறை வேண்டுவோர் கெடு தேதிக்குள் தாக்கல் செய்யும் கணக்கிலேயே அதைக் கேட்டாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த ஆண்டுக்குப் பழைய முறை கிடையாது, அதனோடு ஒட்டிய கழிவுகளும் கிடையாது. முன்பெல்லாம் தாமதம் என்றால் தாமதக் கட்டணமும் வட்டியும் மட்டுமே. இப்போது தாமதத்தின் தண்டனை கழிவுகளைப் பறிப்பது. சட்டத்தில் இது தண்டனை என்று எங்கும் எழுதப்படவில்லை என்பதை நானும் அறிவேன்.

நான் சொல்லும் நண்பர் வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், அப்போது 72 வயது. பிரீமியம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனதால் மருத்துவக் காப்பீட்டைக் கைவிட்டவர். அதற்கு அடுத்த ஆண்டே அவர் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2023–24 நிதியாண்டில் அவர் பெற்ற ஓய்வூதியம் 6,60,000 ரூபாய். பணி ஓய்வில் கிடைத்த பணத்தை வைப்பில் போட்டதில் வந்த வட்டி 2,40,000 ரூபாய். ஆக மொத்தம் ஒன்பது லட்சம். பழைய முறையில், ஊதியமோ ஓய்வூதியமோ பெறுவோருக்குப் பொதுவாக உள்ள நிலைக்கழிவு 50,000. ஐந்தாண்டு வரிசேமிப்பு வைப்புக்கு 80சி பிரிவில் 1,50,000. மூத்த குடிமக்களின் வட்டிக்கான கழிவு 50,000. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 80டி பிரிவில் 50,000. குறிப்பிட்ட கொடிய நோய்களின் சிகிச்சைக்கான கழிவு 1,00,000. எல்லாம் போக நிகர வருமானம் சரியாக ஐந்து லட்சம். அதற்கு வரி பத்தாயிரம். குறைந்த வருமானத்தாருக்கான 87ஏ தள்ளுபடி அந்தப் பத்தாயிரத்தையும் நீக்கிவிடும். அதாவது அவர் அந்த ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி சுழியம். அதனால்தான் வரி வராது என்று வங்கிக்கு உறுதி தரும் படிவம் 15எச் கொடுத்திருந்தார்; வங்கியும் வட்டியில் வரி பிடிக்கவில்லை.

2024 ஜூலை 27 அன்று அம்மையாரின் நிலை மோசமாகி, சென்னையில் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். மருத்துவரின் சான்றும் ரசீதுகளும் இருந்த கோப்பு நண்பர் கையோடு போய்விட்டது. 30ஆம் தேதி இரவு அவரே மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நாளையோடு கெடு முடிகிறதே, என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டார். "அம்மாவைப் பாருங்கள் சார், மிஞ்சிப்போனால் தாமதக் கட்டணம்தானே, கட்டிக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான். முதலில் கையிலிருப்பதைக் கொண்டு ஒரு கணக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு திருத்தியிருக்கலாமே என்று விவரமறிந்தவர்கள் கேட்பார்கள். செய்திருக்கலாம். பல ஆண்டு அனுபவத்தில் பழைய விதியை மனப்பாடமாக வைத்திருந்த என் தவறு அது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்னவென்று ஆகஸ்ட் 3ஆம் தேதி கணினித் திரையில் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பழைய முறைக்கான வாய்ப்பே அங்கு இல்லை. ஒன்பது லட்சத்தில் நிலைக்கழிவு 50,000 மட்டும் போய், எட்டரை லட்சத்துக்குப் புதிய முறையில் வரி 40,000, வரிமேல் வரியான செஸ் 1,600, ஒரு மாத வட்டி 416, தாமதக் கட்டணம் 5,000. மொத்தம் 47,016, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 47,020. மனைவியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சட்டம் கொடுத்த கழிவை, மனைவியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கூட இருந்த காரணத்தால் அவர் இழந்தார். இதை நான் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் இதைவிட மென்மையாக எழுத வரவில்லை.

இதற்குள் இன்னொரு சிறு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. 234எஃப் பிரிவின்படி மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்கு மிகாதவருக்குத் தாமதக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். பழைய முறையில் அவர் வருமானம் ஐந்து லட்சம். பழைய முறை மறுக்கப்பட்டதால் அது எட்டரை லட்சமாகி, கட்டணமும் ஐந்து மடங்கானது. ஒரே தாமதம் கழிவையும் தின்று, தன் கூலியையும் தானே உயர்த்திக்கொண்டது.

பழைய முறையைத்தான் விரும்புகிறேன் என்று அவர் நிதியாண்டின் தொடக்கத்திலேயே ஓய்வூதியம் வழங்குவோரிடம் எழுத்தில் தெரிவித்திருந்தார்; அதன்படிதான் ஆண்டு முழுவதும் அவருக்குக் கணக்கிடப்பட்டது. ஆனால் ஊதியம் வழங்குவோரிடம் சொல்வது வரி பிடித்தத்துக்கு மட்டுமே, சட்டப்படியான தேர்வு ஆகாது என்று 2023 ஏப்ரலில் வெளியான சுற்றறிக்கை தெளிவுபடுத்திவிட்டது. எழுதிக் கொடுத்தது, அதன்படி பன்னிரண்டு மாதம் நடைமுறையானது, படிவம் 16இல் அச்சானது எல்லாம் இருந்தும், ஒருவரின் விருப்பம் இன்னதென்று அரசுக்குத் தெரியாது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் என்றால் கெடு இருக்கத்தான் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. கெடுவுக்கு நெகிழ்வே இல்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை. குறைந்த விகிதமான 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுக்க விரும்பிய நிறுவனங்களில் சில, அதற்குரிய படிவம் 10-ஐசியை உரிய காலத்தில் தாக்கல் செய்யத் தவறியபோது, 2022இலும் 2023இலும் சுற்றறிக்கைகள் மூலம் அந்தத் தாமதம் பொறுத்தருளப்பட்டது. அந்நிறுவனங்கள் வரிக் கணக்கை நேரத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நேர்மை இரு பக்கமும் வேண்டும். இருந்தாலும், தணிக்கையாளர்களும் சட்ட ஆலோசகர்களும் சூழ இருந்த நிறுவனங்கள் ஒரு படிவத்தை மறந்தது உண்மையான இடர்ப்பாடு என்று ஏற்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர் மூன்று நாள் பிந்தியது அப்படி ஏற்கப்படவில்லை. 119ஆம் பிரிவு தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரத்தைத் தங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது.

நிர்வாகத்துக்கே தாமதம் நேரும்போது கெடு எவ்வளவு கனிவாக நகர்ந்து கொடுக்கிறது என்பதையும் பார்த்தோம். 2025இல் படிவங்களில் செய்த மாற்றங்களால் மென்பொருள் தயாராக நாளானது. ஜூலை 31 என்ற கெடு செப்டம்பர் 15 ஆனது, அது முடிகிற இரவில் செப்டம்பர் 16 ஆனது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. என் திண்ணைக்கு வந்தவர்களும் பயனடைந்தார்கள். ஆயினும் 2024 ஜூலை 31 முடிவதற்குள் 7.28 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாகிச் சாதனை படைத்ததாக அறிவிப்பு வந்தபோது, அந்தச் சாதனைக்கு வெளியே நின்ற ஒருவரின் கோப்பு என் மேசைமேல் இருந்தது.

சட்டம் எளிமையாகிவிட்டது என்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவுகள் 819இலிருந்து 536 ஆகவும், அத்தியாயங்கள் 47இலிருந்து 23 ஆகவும் குறைந்தன. சொற்கள் ஏறத்தாழப் பாதியாகின. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் வரி ஆண்டு என்ற ஒன்று வந்திருக்கிறது. இருபதாண்டு முயன்று மக்கள் கற்றுக்கொண்ட 80சி, இனி 123. என் போன்றோருக்கு ஒரு தனிப்பட்ட நிம்மதியும் உண்டு: பழைய சட்டத்தில் கொடிய நோய்க்கான கழிவுப் பிரிவையும் மூத்தோர் வட்டிக்கான கழிவுப் பிரிவையும் (ஆங்கிலத்தில் 80DDB, 80TTB) தமிழில் எழுதினால் இரண்டுமே 80டிடிபி, 75 வயது கடந்த சிலருக்குத் தாக்கலிலிருந்து விலக்குத் தரும் பிரிவும் லாட்டரிப் பரிசில் வரி பிடிக்கும் பிரிவும் தமிழில் ஒரே 194பி. எந்தப் 'பி' என்று கேட்டுக் கேட்டே எங்கள் திண்ணையில் பாதி நாள் கழியும். எண்களை மாற்றியமைக்குத் துறைக்கு நன்றி. ஆனால் இத்தனை சொற்களை வெட்டி எறிந்தபோதும், கெடுவுக்குள் கேட்டால்தான் பழைய முறை என்ற அந்த நிபந்தனை மட்டும் ஒரு கீறலும் படாமல் புதிய சட்டத்தின் 202ஆம் பிரிவில் குடியேறிவிட்டது. எளிமை என்பது யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

மன்னிக்க வேண்டும், கோரிக்கையை விட்டு எங்கோ போய்விட்டேன்.

பழைய முறையை எப்போதும் வைத்திருங்கள் என்று கேட்கவில்லை. அதை மெல்ல விலக்குவது அரசின் கொள்கையாக இருக்கலாம். 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குப் புதிய முறையில் வரித் தள்ளுபடி வந்த பிறகு எங்கள் தெருவில் பெரும்பாலோர் தாமாகவே புதிய முறைக்கு மாறிவிட்டார்கள். என் நண்பரின் இதே கணக்கு 2025–26 நிதியாண்டுக்கு என்றால் புதிய முறையிலேயே அவருக்கு வரி இராது. மிஞ்சியிருப்பவர்கள் வீட்டுக் கடன் வட்டி கட்டுவோர், வாடகை வீட்டில் இருப்போர், தீராத நோயாளியை வீட்டில் வைத்திருப்போர் போன்றவர்கள். எண்ணிக்கையில் குறைவானவர்கள், ஆனால் கழிவு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள். கெடுவைத் தவறவிடக் காரணம் நேரக்கூடியவர்களும் பெரும்பாலும் இவர்களே. முறை இருக்கும் வரை, அதில் நுழையும் கதவு கெடு தேதியின் நள்ளிரவில் பூட்டப்பட வேண்டியதில்லை. தாமதக் கட்டணத்தை வாங்குங்கள், வட்டியை வாங்குங்கள். தேர்வை மட்டும் டிசம்பர் 31 வரை விட்டுவையுங்கள்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் ஆகும் என்றால், அதுவரை மருத்துவமனைச் சேர்க்கை, குடும்பத்தில் இறப்பு, வெள்ளம் போன்ற காரணங்களைச் சான்றோடு காட்டுவோருக்கு, தேர்வில் நேர்ந்த தாமதத்தைப் பொறுக்கும் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அதுவும் இயலாதெனில், தாமதமாகத் தாக்கல் செய்தால் பழைய முறை கிடைக்காது என்ற ஒரு வரியைப் படிவம் 16இன் முதல் பக்கத்தில், அந்தந்த மாநில மொழியில், கண்ணில் படும் எழுத்தில் அச்சிட ஏற்பாடு செய்யுங்கள். திண்ணையில் உட்கார்ந்து தவறான யோசனை சொல்பவன் அதைப் பார்த்தாவது வாயை மூடிக்கொள்வான்.

நண்பரின் மனைவி அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். கட்டிய பணம் இனி வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது விண்ணப்பத்தையும் என் வற்புறுத்தலால்தான் எழுதினார். ஒற்றை வரிப் பதிலுக்குப் பதிலாக, எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதமேனும் அவருக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்