உன்ர ஐயாவின்ர பேர்

கொக்குவில்

மச்சான்,

நீ அனுப்பின காப்புரிமை (பேற்றன்ட்) வழக்குச் செய்தியை ரெண்டு தரம் வாசிச்சன். பெரிய ரெலிபோன் கொம்பனிக்கு அடி விழுந்திருக்கு எண்டவுடன முதல்ல சந்தோசம்தான். போன மாதம் நான் கேட்காத ஏதோ பாட்டுச் சேவைக்கெண்டு என்ர போனில நாளாந்தம் காசு வெட்டினாங்கள். இலக்கத்துக்கு அடிச்சால் மிஷின்தான் கதைக்குது. அந்த வயித்தெரிச்சலில இருக்கிற எனக்கு, அவங்கட இனத்தவனை ஆரோ கோட்டுக்கு இழுத்தாலே மனம் குளிரும்.

2012இல டிவோ எண்ட கொம்பனி, ரிவி நிகழ்ச்சியைப் பதிஞ்சு வைச்சுப் பாக்கிற பெட்டியின்ர காப்புரிமைக்காக, அமெரிக்க ரெலிபோன் கொம்பனியளான ஏடி அண்ட் டியிட்டக் குறைஞ்சது 21.5 கோடி டொலரும் வெரைசனிட்ட 25 கோடிக்கு மேலயும் வாங்கினதெல்லோ. அது சரி. பெட்டியைச் செய்து வித்தவன் கேட்டான், குடுத்தாங்கள்.

கனடா ரெலிபோன் கருவிக் கொம்பனி நோர்டெல்லின்ர கதைதான் எனக்குச் செமிக்கேல்லை. 2009 தை மாதம் கொம்பனி விழுந்து, 2011இல ஆறாயிரம் காப்புரிமையை ஏலத்தில விட்டாங்கள். கூகுள்காரர் ஒரு கட்டத்தில 3.14159 பில்லியன் எண்டு கேட்டவங்களாம். கணக்கில வாற 'பை'யின்ர (π) பெறுமதி! எங்கட கணக்கு வாத்தியார் கேட்டிருந்தால் சிரிச்சிருப்பார். கடைசியில ஆப்பிள், மைக்ரோசொப்ட் எல்லாம் சேர்ந்து 4.5 பில்லியனுக்குத் தூக்கி, ரொக்ஸ்டார் எண்டு பேர் வைச்சு, 2013 ஒக்டோபர் 31 கூகுள், சம்சுங், ஹுவாவே எண்டு வரிசையா வழக்குப் போட்டினம். அந்த ரொக்ஸ்டார் ஒரு போன் செய்ததும் இல்லை, ஒரு கம்பி இழுத்ததும் இல்லை.

வழக்குப் போட்ட இடத்தைப் பார். டெக்சாசில மார்ஷல், ஒரு சின்னப் பட்டணம். காப்புரிமை வழக்காலயே பேரெடுத்த ஊர். கோட்டுக்குப் பக்கத்தில பனிச்சறுக்குத் திடல் போட சம்சுங் காசு குடுத்ததாம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கடைக்காரர் தண்ணீர்ப்பந்தல் போடுற மாதிரி. நாளைக்கு ஜூரியில குந்தப் போறவன்ர பிள்ளையள் சறுக்கி விளையாடட்டுமாக்கும்.

உன்ர வீட்டு நிலவறையில கண்ணாடிக்குள்ள போட்டுத் தொங்கவிட்டிருந்த, நீ நோர்டெல்லில இருக்கேக்க கிடைச்ச காப்புரிமையின்ர முதல் பக்கம் இப்பவும் கண்ணுக்க நிக்குது. கண்டுபிடிச்ச ஆக்கள் எண்ட இடத்தில மூண்டாவதா நீ. உங்கத்தை முறைப்படி ஐயாவின்ர பேர் குடும்பப் பேராகி, அதுதான் முன்னுக்கு நிண்டது. உன்ர பேர் பின்னால ஒட்டிக்கொண்டு. இஞ்ச மிளகாய்க் கண்டுக்குத் துலாவில தண்ணி இறைச்ச மனுசன்ரை பேர். அதையும் சேர்த்தெல்லோ ஏலத்தில கூவியிருக்கிறாங்கள். அதில உனக்கு எவ்வளவு கிடைச்சது எண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லை, நானும் கேட்கேல்லை.

2014 கடைசியில அதில நாலாயிரத்தைத் திரும்ப 90 கோடி டொலருக்கு வித்தாச்சு. உன்ரை அதில போச்சோ, வேற ஆரிட்டயும் நிக்குதோ? அந்தக் காப்புரிமை இலக்கத்தை எழுதி அனுப்பு. மருமகன் போன் திருத்திற கடையில இருந்தபடி ரெண்டு நிமிசத்தில தேடித் தருவான்.

மழை விட்டிட்டுது. கிணறு கட்டுமட்டும் நிரம்பி நிக்குது.

உன்ர மச்சான்