‘கசிவு எதுவும் இல்லை’ என்றால் எதைத் தேடிய பிறகு?

நிரலில் கசிந்த சாவிகளையும் (சேவைகளை அணுகும் ரகசியக் குறியீடுகள்) கடவுச்சொற்களையும் கண்டறியும் கருவிகளுக்கு ஆவணம் எழுதுவோர்க்கு,

வணக்கம். நிறுவுவது, இயக்குவது எல்லாம் உங்கள் பக்கங்களில் தெளிவாகவே உள்ளன. ஆனால் ‘கசிவு எதுவும் இல்லை’ என்று திரையில் வருகிறதே, எங்கெங்கே தேடிய பிறகு வந்த விடை அது என்பது எங்கும் இல்லை. அந்த வரியை நம்பித்தான் பலர் நிரல் களஞ்சியத்தைப் பொதுவில் திறந்துவிடுகிறார்கள்.

நிரலைத் தானாகச் சோதிக்கும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (களஞ்சியத்தை இறக்கும் படி), வேறு அமைப்பு தராவிட்டால், 1 கமிட்டை (களஞ்சியத்தில் பதிவான ஒரு நிலையை) மட்டுமே இறக்கும். பழைய கமிட்டில் எழுதிப் பின்னர் அழித்த சாவி கருவியின் கண்ணிலேயே படாது. பச்சைக் குறி விழும். உங்கள் மாதிரி யாமல் அமைப்புக் கோப்பிலேயே, முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லும் ‘ஃபெட்ச்-டெப்த்: 0’ இருக்கட்டும், காரணத்தோடு.

என்ட்ரோபி (எழுத்துகள் எவ்வளவு தற்போக்காக உள்ளன என்ற அளவு; அது வரம்பைத் தாண்டினால்தான் கருவி எச்சரிக்கும்) பக்கம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. வரம்பை உயர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஹெக்ஸில் இருப்பவை 16 குறிகள் (0–9, a–f). ஆகவே ஷானன் என்ட்ரோபி எழுத்துக்கு 4 பிட்டைத் தாண்டாது. 32 எழுத்துள்ள தற்போக்கு ஹெக்ஸ் சாவி பெரும்பாலும் 3.6 அளவில்தான் நிற்கும். வரம்பு 4.5 என்றால் ஒன்றுகூடச் சிக்காது. நீளமும் கட்டிப்போடும்: 16 எழுத்துக் கடவுச்சொல்லில் ஓர் எழுத்துகூடத் திரும்ப வராவிட்டாலும் உச்சம் 4தான். ஹெக்ஸுக்கும், 64 குறிகள் கொண்ட பேஸ்64-க்கும் தனித்தனி வரம்பு வேண்டும் என்பதை இந்த எண்களோடு எழுதுங்கள்.

கருவி எச்சரிக்க வேண்டாதவற்றின் விலக்குப் பட்டியல் பற்றியும் ஒரு பத்தி தேவை. வரியின் ஓரத்தில் விலக்குக் குறிப்பு இட்டால், நாளை அதே வரியில் உண்மையான சாவி வந்தாலும் கருவி பேசாது. விலக்கிய கசிவின் அடையாளத்தில் கமிட் ஹாஷ் (கமிட்டின் தனிக் குறியீடு) சேர்ந்திருந்தால், வரலாற்றைத் திருத்தி எழுதியதும் பழைய விலக்குகள் பொருந்தாமல் போகும்.

கசிவு அகப்பட்ட பின் என்ன செய்வது என்பதை முதல் பக்கத்திலேயே வையுங்கள். முதலில் சாவியை வழங்கிய சேவையில் அதை ரத்து செய்து புதியது பெற வேண்டும். அடுத்து அணுகல் பதிவுகளில் யாராவது அதைப் பயன்படுத்தினார்களா என்று பார்க்க வேண்டும். வரலாற்றைத் துடைப்பது அதற்கும் பிறகுதான்; அதற்குள் யாரோ எடுத்த நகலில் சாவி இருக்கும், அதை உங்களால் அழிக்க முடியாது. வரியை நீக்கி இன்னொரு கமிட் போடுவது தீர்வே அல்ல.

இன்னொன்று: அறிக்கையில் சாவி முழுதாக அச்சானால், சிஐ (தானியங்கிச் சோதனை) பதிவைப் படிக்கும் எல்லோருக்கும் அது மறுபடி கசிகிறது. மறைத்துக் காட்டும் தேர்வை எல்லா எடுத்துக்காட்டுக் கட்டளைகளிலும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை நாள்தோறும் இயக்குவோர்